துரை மாறிய படமும் மருதன் மாறிய காலையும்

சந்திரா,

கோலாலம்பூரில் மூன்று வருசமாக அடுத்தவன் பிடித்த படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என் மகனுக்கு இப்போது சொந்தமாக ஒரு படம் எடுக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று புக்கிட் காத்தில் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். காலையில் மீன் கொண்டுவருகிற மலாய்க்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று. சைக்கிள் கடை முத்து, "படத்துல நீங்களும் வர்றீங்களா மாமா?" என்று கேட்டான். "நான் இல்லாம எப்படிலா?" என்று சொல்லிவிட்டேன். அதை நீ பார்த்து ஏதாவது செய். கூட்டத்தில் ஒருத்தனாக நிறுத்தினாலும் போதும், முன்வரிசையாக இருக்கட்டும்.

நீ எழுதி அனுப்பிய கதையை உன் அம்மாவுக்கு நானே குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினேன். ஒரு தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். தமிழன். சீனர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. படம் முடிவதற்குள் மனசு மாறுகிறான். அந்த மாற்றத்தை எப்படிக் காட்டினால் சனங்கள் நம்புவார்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் பெரிய அதிகாரி, முகத்தைக் கிட்டத்தில் காட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர், கூடவே வயலின், அதோடு படத்தை முடி என்கிறாராம். உனக்கு அது ஒப்பவில்லை. எனக்கும் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உன் தாய்மாமன் மருதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். நீ அப்போது மலாக்கா டவுனில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உன் காதுக்கு வந்தது பாதிதான். இந்தக் கடிதத்தை நம் சங்க மலருக்கும் கொடுக்கப்போகிறேன். படம் எடுக்கிறவன் எவனாவது படிக்கட்டும். தோட்டத்தின் பேரைப் போடவில்லை. செங் ஊர்ப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்.

அந்த நாளில் நான் யார் என்று உனக்கு நினைவிருக்கும். ஊர் ஊராகப் படம் காட்டுகிற அரசாங்க வேன் மலாக்கா மாநிலத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் "வேன் மாமா வந்துட்டாருடோய்" என்றுதான் கூட்டம் கூடும். வேன் வந்துவிட்டது என்று ஒருத்தன் சொன்னதில்லை. படத்தில் வெள்ளைக்காரன் இங்கிலீஷில் பேசுவான். ஆப்பரேட்டர் அந்தச் சத்தத்தைக் குறைப்பான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசுவேன். துரைக்கு ஒரு குரல், துரைசாணிக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல். நான்காம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி என் பேச்சைக் கேட்டுவிட்டு, அந்த நடிகனை விட நீதான் நன்றாக நடித்தாய் என்று தோளில் தட்டினார். அவர் முதுகில் தட்டியதாக முன்பு உன்னிடம் சொல்லியிருப்பேன். தோள்தான். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள் என்று எழுதச் சொல்கிறாள். கழித்துக்கொள். ஆனால் மருதனைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றையும் கழிக்காதே. அதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

வேனில் வந்த படங்களில் ஒன்றுக்கு நான் 'துரை மனசு' என்று பேர் வைத்திருந்தேன். இங்கிலீஷ் பேர் என் வாயில் நுழையவில்லை. ஏதோ ஒரு நாட்டில் ஒரு தோட்டம். அங்கே ஒரு துரை. வேலையாட்களை மனுசராகவே மதிக்காதவன். நீ படம் வெட்டுகிறவன், இதைக் கவனி. படத்தில் முதல் அரைமணி நேரம் துரையை மட்டும்தான் முழுசாகக் காட்டுவார்கள், பின்னால் ஆகாயம் தெரியும்படி, கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி. வேலையாட்களை பங்களா மாடியிலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி காட்டுவார்கள். தலைப்பாகை தெரியும், முதுகு தெரியும், சேற்றில் நடக்கிற கால் தெரியும். ஒருத்தனுக்காவது முகம் தெரியாது. துரை பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி கேட்கும். வேலையாட்கள் பேசினால் கோழிக்கூண்டில் கேட்கிற இரைச்சல் மாதிரி ஒன்று வரும். அதற்கு நான் மைக்கில் என்ன பேசுவது? ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு விதமாக இட்டுக்கட்டுவேன். "துரை, புள்ளைக்குக் காச்சலுங்க, லீவு குடுங்க" என்பேன். கூட்டத்தில் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

நடுவில் ஒரு வேலையாள் துரைக்குத் தண்ணீர் கொண்டுவருவான். அவன் விரல் பட்ட டம்ளரைத் துரை தட்டிவிடுவான். டம்ளர் படியில் உருளுவதை மட்டும் காட்டுவார்கள், முகமே இல்லை, டம்ளரின் சத்தம் மட்டும். பிறகு துரை காட்டில் வழி தவறி, காய்ச்சலில் சதுப்பில் விழுந்து கிடப்பான். அதே வேலையாள்தான் வந்து தூக்குவான். அப்போதுதான் முதல் தடவையாக அவன் முகம் திரை முழுக்க வரும். துரையின் கண்ணால் பார்க்கிற மாதிரி, மங்கலாக ஆரம்பித்து மெல்லத் தெளிவாகும். பத்தடி உயரத்துக்கு ஒரு கறுத்த முகம். சந்திரா, நம் சனங்கள் அதற்கு முன்னால் தங்கள் நிறத்தில் அவ்வளவு பெரிய முகத்தைப் பார்த்ததில்லை. எந்தத் தோட்டத்தில் போட்டாலும் அந்த இடத்தில் கைப்பிள்ளை அழுகிற சத்தம்கூட நின்றுவிடும். கடைசியில் துரை குணமாகி, காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்காக எல்லாரும் வரிசையாக நிற்கும்போது கீழே இறங்கி வருவான். படம் பிடிக்கிற மெஷினும் அவனோடு படி படியாக இறங்கும். மாடியிலிருந்து பார்த்தது போய் இப்போது ஆளுக்கு ஆள் நேருக்கு நேர். எல்லாரும் பார்க்க அந்த வேலையாளின் தகர டப்பாவை வாங்கித் துரை தண்ணீர் குடிப்பான். அவன் கண்ணில் நீர். வயலின். முடிந்தது.

செங் பக்கத்துத் தோட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது மருதன் அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவன். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் கெட்டவன், அதைவிடக் கை கெட்டவன். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகள், முக்கால்வாசி சீனர்கள், தோட்டத்து லோரியைக் கொளுத்தியதில் அவன் கூட்டாளி ஒருத்தன் வெந்து செத்தான். அன்றிலிருந்து மருதனுக்குச் சீனர் என்றால் எல்லாரும் ஒன்றுதான், கிழவனானாலும் குழந்தையானாலும். அந்தச் சமயத்தில்தான் காட்டோரத்துச் சீனக் குடும்பங்களை லோரியில் அள்ளிக்கொண்டு வந்து, தோட்டத்து எல்லையில் முள்வேலி போட்டு, புதுக்கிராமம் என்று பேர் வைத்து உள்ளே இறக்கினார்கள். அவர்களின் பழைய வீடு எரிந்த புகை இங்கிருந்தே தெரிந்தது. புதுக்கிராமத்தில் குழாய் போட்டு முடிக்கவில்லை. ஒரு சீனப்பெண், இடுப்பில் குழந்தையோடு, வாசல் காவலில் அனுமதி கேட்டுக்கொண்டு தோட்டத்துக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வந்தாள். வாளி நிறைகிற வரைக்கும் மருதன் பார்த்துக்கொண்டு நின்றான். நிறைந்ததும் காலால் உதைத்துக் கவிழ்த்தான். "சீனத்திக்கு இங்க தண்ணி கெடையாது. போய்க் காட்டுல இருக்கானே உன் அண்ணன், அவன்கிட்ட கேளு" என்றான். அவளுக்குத் தமிழ் தெரியாது. கவிழ்ந்த வாளி போதும், மொழி எதற்கு? சுற்றி நின்ற நம் பெண்கள் சிரித்தார்கள். அவன் பெண்சாதி அஞ்சலை, உன் அத்தை, ஒருத்திதான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவனோடு ஒரு வாரம் பேசவில்லை என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

படம் போட்ட சாயங்காலம் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் முன்னால் நாற்காலியில். கிராணிமார் பெஞ்சியில். சனங்கள் புல்லில். திரைக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சீனர்கள் நின்று இடம் வலம் மாறிய படத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கும் சேர்த்து மலாயில் இரண்டு வார்த்தை போட்டேன். அந்தப் பெரிய முகம் வந்த இடத்தில் அஞ்சலை எட்டி என்னைப் பார்த்து, "அண்ணே, அந்த ஆளுக்குக் காதுக்குப் பின்னால வெள்ளையா இருக்கே" என்றாள். அவள் சொன்னது சரி. வெள்ளைக்காரன் ஒருத்தன் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு நடித்திருந்தான், காதுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டான். நான் மைக்கிலேயே, "அவரு வடநாட்டுக்காரரும்மா, அங்கெல்லாம் அப்படித்தான்" என்று சமாளித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நம் முகத்தைக் காட்டுகிற ஒரே இடத்தில்கூட நம் முகம் இல்லை. அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. துரைசாணி கடைசியில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். துரை கை தட்டினார். துரை தட்டியதும் கிராணிமார் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்து நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மருதன் வந்து மறுமுனையைப் பிடித்தான். கண் சிவந்திருந்தது. "என்னடா, அந்த வேலையாளைப் பாத்து அழுதியா?" என்று கேட்டேன். தோட்டத்தில் எல்லாரும் அந்த வேலையாளைத் தானாக நினைத்துத்தான் அழுவார்கள். மருதன், "அவன் நம்ம ஆளு மாமா, அவனுக்கு என்ன, நல்லவன். நான் அந்தத் துரையைப் பாத்தேன். அந்த டம்ளர் உருண்டுச்சே, அது நான் உதைச்ச வாளி" என்றான். நான் எத்தனையோ தோட்டத்தில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன். துரையில் தன்னைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. என் குரல் செய்த வேலை என்று நினைத்தேன். "நீ மாறிட்டேடா மருதா" என்று சொல்லி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

அவசரகாலத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு கெடுபிடி என்று நீ பார்த்திருக்கிறாய். ஒரு பிடி அரிசியை வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்தாலும் காட்டில் இருப்பவனுக்குச் சோறு போட்டதாகத்தான் கணக்கு. கடையில் பால் டின்னைக்கூட ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. ஆனால் கெடுபிடி இருந்தால் கொடுக்கல் வாங்கலும் இருக்கும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த நம் பெண்களே கருவாட்டையும் சீனியையும் வேலியின் கீழே இருந்த பள்ளத்தில் வைத்துவிட்டு வருவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வெங்காயத்தாளும் முட்டையும் வரும். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரனுக்கும் அதில் பங்கு. யாரும் மாட்டவில்லை. மருதனும் அப்படிச் செய்திருக்கலாம். அவன் ஒரு டின் பாலைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்திருந்தால் அவன் குழந்தை இன்றைக்கு அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

படம் போட்ட மறுநாள் காலை. பெரட்டுக்கு எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். நாங்கள் வேனை எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். துரை வந்தாயிற்று, கிராணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அந்தச் சீனப்பெண் குழந்தையோடு வெளிவேலைக்குப் போகிறவர்களின் சோதனை வரிசையில் நிற்கிறாள். மருதன் வரிசையை விட்டு வெளியே வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பால் டின்னை எடுத்தான். ஒளிக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக, அந்தப் படத்தில் துரை இறங்கி வந்தானே அதே நடையில் வேலியை நோக்கி நடந்தான். நான் வேன் படியில் நின்று பார்க்கிறேன். எனக்குக் கத்தத் தோன்றவில்லை, அவன் என்ன செய்கிறான் என்று புரிவதற்கே நேரமாகிவிட்டது. அஞ்சலைதான் வரிசையிலிருந்து, "என்னங்க! இங்க வாங்க! என்னங்க!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. கம்பிக்கு நடுவே டின்னை நீட்டி, "சுசு, புடாக் பூஞா" என்றான், குழந்தைக்குப் பால் என்று. அந்தப் பெண் பயந்து பின்னால் போனாள். அவன் திரும்பவும் நீட்டினான். அவள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், டின்னை வாங்கிக்கொண்டாள். மருதன் எங்கள் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் இருந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது, எனக்கே போதாது. கண்ணில் நீர் நின்றது. உன் அதிகாரி கேட்கிற அதே முகம்.

வயலின் வரவில்லை, விசில்தான் வந்தது. துரை மாறினால் பாட்டோடு படம் முடியும். மருதன் மாறினான், அரைமணி நேரத்தில் போலீஸ் லோரி வந்தது. அவனை ஏற்றினார்கள். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் அதே லோரியில் ஏற்றினார்கள். டின்னைச் சாட்சிக்காக ஒரு போலீஸ்காரன் கையில் பிடித்துக்கொண்டான். அவளை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பெரட்டு நடந்தது. பேர் கூப்பிட்டு முடித்தார்கள். சனங்கள் ரப்பர் மரம் வெட்டப் போனார்கள்.

மருதனைத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். அவன் கைப்பிள்ளையாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன், இந்த ஊர் தவிர வேறு மண் அவன் காலில் ஒட்டியதில்லை. பிறந்தது அங்கே என்றால் அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. தோட்டத்துத் துரை ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று டவுனில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். நான் போனேன். கழுத்துக்குட்டை கட்டிக்கொண்டு பங்களா வாசலில் நின்றேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், அதற்கு முன்னால் எந்தத் துரையும் நின்றதில்லை. "சார், அன்றைக்கு நீங்கள் கை தட்டின அதே காரியத்தைத்தான் அவன் செய்தான்" என்றேன். துரை என்னை உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை, சந்திரா, அதுதான் கொடுமை. நாயின் காதைத் தடவிக்கொண்டே, "அது படம்" என்றார். பிறகு, "எல்லார் முன்னாலும் செய்துவிட்டானே. பள்ளத்தில் வைத்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்?" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை படத்துக்குக் குரல் கொடுத்தவன், ஒரு முகம் எந்த நிமிசத்தில் மாறும் என்று எனக்குத் தெரியாதா? கண் ஓரம் துடிக்கும், தொண்டைக் குழி ஏறி இறங்கும், வெளிச்சம் லேசாக மாறும். காத்திருந்தேன். உண்மையாகவே வருத்தப்படுகிறேன் என்றார். கையைக்கூடக் கொடுத்தார். அவர் முகமும் கொஞ்சம் மாறத்தான் செய்தது, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அங்கே ஒரு மெஷின் இருந்து அவர் முகத்தைக் கிட்டத்தில் பிடித்திருந்தால், நல்ல மனுசன் மனசு உருகுகிறான் என்று சனங்கள் அழுதிருப்பார்கள்.

அந்தச் செய்தியைச் சொல்ல லயத்துக்குப் போனேன். அஞ்சலை அடுப்படியில் இருந்தாள், மகள் மடியில். துரை உட்காரச் சொன்னார், கை கொடுத்தார், வருத்தப்பட்டார் என்று நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அண்ணே, அந்தப் படத்துல தண்ணியக் குடிச்சானே அந்தத் துரை, அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன செஞ்சான்? கூலி கூட்டிக் குடுத்தானா? வீடு குடுத்தானா?" என்று கேட்டாள்.

நாய்க்கே வசனம் சொன்னவன் நான். அன்றைக்கு எதையும் இட்டுக்கட்டவில்லை. "அதோட படம் முடிஞ்சிடுதும்மா" என்றேன்.

"அப்ப அவனுக்குச் சௌகரியந்தான்" என்றாள். எழுந்து சோற்றை வடித்தாள்.

மருதனைக் கப்பலேற்றிவிட்டார்கள். கூடப் போகலாமே என்று அஞ்சலையிடம் எல்லாரும் சொன்னோம். "பொட்டப் புள்ளயோட அங்க போயி யாரு வாசல்ல நிக்கிறது? அவருக்கே அங்க யாரத் தெரியும்?" என்றாள். சில மாதம் கழித்து நம் பக்கத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் எத்தனை டின் பால் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மருதன் நாகப்பட்டினத்தில் இறங்கினான் என்பது வரை தெரியும். அங்கே உப்பளத்தில் அவனைப் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், அது அவனில்லை என்று இன்னொருத்தன் சொன்னான். மெர்டேக்கா அன்றைக்கு, சுதந்திரம் வந்த நாளில், உன் அம்மா கொடியைப் பார்க்க வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தது இதனால்தான். நீ அப்போது அவளோடு சண்டை போட்டாய்.

ஆகையால் மகனே, உன் கிராணி மாறட்டும். மாறுகிறவன் இருக்கிறான், நான் என் கண்ணால் பார்த்தேன், அதைப் பொய் என்று எவனும் சொல்ல விடாதே. மெஷினை மேலே வை, கீழே இறக்கு, முகத்தைக் கிட்டத்தில் காட்டு, எல்லா வித்தையும் செய். முகம் இல்லாதவனுக்கு முகம் கொடுக்கத்தான் அந்த வித்தை. அந்த முகத்துக்குச் சொந்தக்காரனையே தேடிப் பிடித்து நிற்க வை, மை பூசாதே. சீனப்பெண்ணுக்கும் ஒரு பேர் கொடு. எங்கள் யாருக்கும் அவள் பேர் தெரியாது. கண்ணீர் வந்ததும் படத்தை முடித்துவிடாதே. மறுநாள் காலையை வை. அவன் மாறியதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள், யார் கையில் இருந்த பேனா எழுதவில்லை, அதையும் சேர்த்து வை. உன் அதிகாரி நீளம் அதிகம் என்பார். வயலினைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அஞ்சலை அத்தை இப்போது உம்பாயில் ஒரு மீன்கடையில் இறால் உரிக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறது. அந்த நாளுக்குப் பிறகு அவள் எந்தப் படமும் பார்க்கப் போனதில்லை. நீ எடுத்து முடித்ததும் பெரிய மனுசர்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் ஒரு வேனில் போட்டு உம்பாய்க்குக் கொண்டுவா. நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்கிறேன். மைக் வேண்டாம், நான் பேசமாட்டேன். கடைசி வரை உட்கார்ந்து பார்த்தாள் என்றால் என் மகன் படம் எடுத்தான் என்று சிங்கப்பூர் வரைக்கும் போய்ச் சொல்வேன். பாதியில் எழுந்து போய்விட்டாள் என்றால், ஏன் என்று அவளிடம் கேட்காதே. கோலாலம்பூருக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வெட்டு.

உன் அப்பா